வாத்தியாரின் வலப்பக்கம்

"இன்னிக்கு அப்பா பக்கத்துல நான்தான் நிப்பேன். நீ தள்ளி நில்லு!"

காலைக் காபி ஆறுவதற்குள் ரன்வா குண்டைத் தூக்கிப் போட்டாள். ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த அம்மா எல்ஸ்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, கைக்குழந்தையோடு கோப்பன்ஹேகனிலிருந்து ஃபாரோ தீவுக்கு வந்திருக்கிறாள் மகள். வந்ததே இன்றைக்குச் சாயங்காலம் ஊர்க்கூடத்தில் நடக்கும் வட்டாட்டத்துக்குத்தான். மேளம் கிடையாது, தாளம் கிடையாது. ஊரே கைகோத்துத் தரையை மிதித்தபடி கதைப்பாட்டைப் பாடும். பாட்டின் ஒவ்வொரு அடியையும் எடுத்துக் கொடுப்பவர் அப்பா மிக்யால். நாற்பது வருஷம் அந்த ஊருக்கே எழுத்துச் சொல்லிக் கொடுத்த வாத்தியார். புத்தகத்தைப் பார்த்துப் பாடுவது அங்கே மானக்கேடு. நூற்று எண்பது அடியும் நெஞ்சிலிருந்து வரவேண்டும்.

"இல்லடி, அது வந்து..."

"என்ன வந்து? என் பிரசவத்துக்கு வந்தியா நீ? ரெண்டு நாள் வலியில அம்மா அம்மான்னு கத்தினேனே! ஆட்டம் இருக்கு, அப்பாவை விட்டுட்டு வரமுடியாதுன்னு போன்ல சொன்னியே, எப்படிம்மா மனசு வந்தது? கிழவிக்கு இந்த வயசுலயும் புருஷன் கையை விட மனசில்லைன்னு ஊரே சிரிக்குது!"

எல்ஸ்பாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எப்படிச் சொல்வாள்? நாலு வருஷத்துக்கு முன்னால் இதே அடுப்படியில் அந்த மனுஷன் அவள் மடியில் முகம் புதைத்து அழுதாரே... "அடி மறக்குது எல்ஸ்பா... ஊருக்குத் தெரியவேண்டாம். ரன்வாவுக்கும் தெரியவேண்டாம். கடைசிவரைக்கும் நான் வாத்தியாராவே இருந்துட்டுப் போறேன்..."

அன்றிலிருந்து அவர் வலப்பக்கம் அவள் இடமானது. ஊர் பல்லவியைப் பாடும் சத்தத்தில், அடுத்த அடியின் முதல் வார்த்தையை அவர் தோளோரம் முணுமுணுப்பாள். அவர் பிடித்துக்கொண்டு போய்விடுவார். இவளுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? யாருமில்லை. நாற்பது வருஷம் அவர் இந்த அடுப்படியில் நடந்து நடந்து பாடிப் பழகியபோது, மீன் கழுவிக்கொண்டே கேட்டவள்தானே!

"பொண்ணு ஆசைப்படறா, நிக்கட்டுமே," என்று சிரித்தார் மிக்யால். சட்டையின் வெள்ளிப் பொத்தான்களைத் தப்புத் தப்பாகப் போட்டிருந்தார். எல்ஸ்பா ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிவிட்டாள். பெற்ற மகளுக்கு ஒரு தடவையாவது விட்டுக்கொடுப்போமே என்று அந்தப் பாழும் மனசு நினைத்துவிட்டது.

சாயங்காலம் கூடம் அதிர்ந்தது. முதல் அறுபது அடி மணிமணியாக வந்தது. சுவரோரம் பேரனை வைத்துக்கொண்டு நின்ற எல்ஸ்பா கடவுளுக்கு நன்றி சொன்னாள். போர் வந்தது. கதைநாயகன் வெட்டுப்பட்டுச் செத்தான். ஊர் பல்லவியைப் பாடியது. மிக்யால் மகளின் கையை இறுக்கிப் பிடித்து, அவள் பக்கம் காதைச் சாய்த்தார். ரன்வாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

மிக்யால் பாடினார். செத்தவன் மறுபடி குதிரை ஏறினான்!

நாலு பேர் சிரித்தார்கள். ஆரம்பித்த பாட்டை நடுவில் நிறுத்தும் வழக்கமில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் மறுபடி போருக்குப் போனான், மறுபடி செத்தான், மறுபடி குதிரை ஏறினான். மூன்றாம் தடவை யாரும் சிரிக்கவில்லை. வாத்தியாரின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, அப்பாவுக்கு என்னமோ ஆகுதே... அம்மா!"

பேரனை யாரிடமோ கொடுத்துவிட்டு எல்ஸ்பா ஓடினாள். மகள் கையைப் பிரித்து, வலப்பக்கம் நுழைந்து, முணுமுணுத்தாள். அவர் காதில் அது ஏறவே இல்லை. வேறு வழி? ஆயுசில் முதல் தடவையாக எல்ஸ்பா குரலெடுத்துப் பாடினாள். செத்தவனைப் புதைத்தாள், அவன் தாயை அழவிட்டாள், கடைசி அடிவரைக்கும் பிசகில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வாத்தியாரின் பழைய மாணவர்கள் அழுதுகொண்டே பின்பாட்டுப் பாடினார்கள்.

"இதுக்காகத்தான் வரலியா நீ? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதாம்மா?" ரன்வா கட்டிக்கொண்டு கதறினாள். "என்னை மன்னிச்சிடும்மா... அந்த இடத்தை நான் பிடுங்கிட்டேனே!"

"உனக்கென்னடி தெரியும்... அழாதே."

மிக்யால் எல்ஸ்பாவையே உற்றுப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாப் பாடறேம்மா. யார்கிட்ட படிச்சே?"

"உங்ககிட்டதான் வாத்தியாரே."

"அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லையே..." அவர் கண்கள் கூடம் முழுக்கத் தேடின. பிறகு குரலைத் தாழ்த்தி, ரகசியம் போலச் சொன்னார்: "என் எல்ஸ்பாவைக் கண்டா கூட்டிட்டு வாம்மா. அவ பக்கத்துல இல்லைன்னா எனக்கு ஒரு அடியும் வராது. ஊருக்கு இது தெரியாது."

"வந்துடுவா... இங்கதான் எங்கயோ இருப்பா," என்றாள் எல்ஸ்பா. அவர் சட்டையில் கழன்றிருந்த பொத்தானை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனாள்.