இரண்டாவது பலகை

திங்கட்கிழமை காலை தபால்பெட்டியில் போட்ட கார்டுக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியானமே பதில் வந்துவிட்டது. வழக்கமாகப் போய்ச் சேர நான்கு நாள், பதில் வர நான்கு நாள். பதினோரு வருடமாக இது ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. கண்ணாடிக்கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பங்காளியின் நெருக்கமான கையெழுத்துதான். தபால் முத்திரை மட்டும் இல்லை.

பங்காளி என்றால் சொந்தக்காரர் இல்லை, முகம் தெரியாத ஆள். வியாபார ஆட்டத்துக்கு எதிராளி தேவை என்று பத்திரிகையில் வந்த விளம்பரத்துக்கு இவர் எழுதிப் போட்டதில் தொடங்கியது. ஆளுக்கொரு கம்பெனி, கிடங்கு, கடை, வேலையாட்கள், எல்லாம் அவரவர் வீட்டுப் பலகைமேல் மரக்காய்கள். அசந்தால் எதிராளியின் ஆளைத் தன் கம்பெனிக்கு இழுத்துக்கொள்ளலாம். ஒரு நகர்த்தலுக்கு ஒரு கார்டு. இவருடைய காய்களுக்கு எட்டு வயது மகள் பேனாவால் கண்ணும் வாயும் வரைந்து வைத்திருந்தாள். கடையில் நிற்பது அப்பா, கல்லாவில் அம்மா, கடிதம் கொண்டுபோகிற சின்னக் காய் அவளேதான். கார்டு வந்தால் காயை நகர்த்துவது அவள் உரிமை. அதில் அப்பனே ஆனாலும் விடமாட்டாள்.

"பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டணும்பாங்க. நீங்க என்னடான்னா அந்தப் பலகையையே கட்டிக்கிட்டு அழறீங்க," என்று போன வாரம் மனைவி சொன்னதில் தப்பே இல்லை. சாப்பாட்டு மேஜையில் பாதியைப் பலகை எப்போதோ பிடித்துக்கொண்டது. அதனால்தான் திங்கட்கிழமை கார்டில் அவர், தபால் ஆட்டக்காரன் எவனும் எழுதக் கூடாத வரியை எழுதினார்: 'அடுத்த மூன்று முறைக்கு நீங்கள் எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.' கொஞ்ச நாள் பலகையை மறந்து பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கலாம் என்று ஆசை.

வந்த கார்டில் ஒரே வரி. 'உங்கள் கிடங்கை எடுத்துக்கொள்கிறேன்.'

மகள் கிடங்குக் காயை எடுத்துப் பங்காளியின் பக்கம் வைத்தாள். டொக். அதோடு சேர்ந்தாற்போல இன்னொரு டொக், கூரைக்கும் மேலே எங்கோ, வீட்டின் எலும்பு வரைக்கும் இறங்குகிற மாதிரி கனமாகக் கேட்டது. மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. மாடி வீட்டில் ஏதோ சாமான் விழுந்திருக்கும் என்று நினைக்கப் போனவருக்கு, மாடியே கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் கடைக்குப் பழைய பிரேம் பெட்டி ஒன்று தேவைப்பட, அந்தப் பெட்டிகளுக்கெல்லாம் கிடங்காக இருந்த பின்னறைக்குப் போனார். நடையின் கடைசியில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. புதுச்சுவர்கூட இல்லை, வெள்ளை மங்கி, ஓர் ஆணி துருப்பிடித்து, அதில் போன வருட காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை வைத்தால் சில்லென்றது. நனைந்த கோணியும் பசையும் கலந்த வாசனை, தபால் மூட்டை வாசனை, சுவரிலிருந்து கசிந்தது.

"இந்தப் பின்னாடி ரூம்…" என்றார் மனைவியிடம்.

"எந்த ரூம்? நமக்கு ஏதுங்க பின்னாடி ரூம்?" கடை வேலை தலைக்கேறிவிட்டது என்று சிரித்தபடி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கை சூடாக, சோப்பு மணத்தோடு இருந்தது.

புதன்கிழமை விடிந்ததும் 'சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினார்.

"நாலு நாள் ஆகும் சார்," என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"ரொம்ப அர்ஜென்ட்டுங்க."

"இங்க வர்ற எல்லாருக்கும் அர்ஜென்ட்தான்."

அவர் வீடு திரும்பியபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகிய நாற்றம் கூடம் வரை வந்திருந்தது. மகள் மேஜையருகே கார்டோடு நின்றாள். "அப்பா, கல்லா ஆளைக் கேட்டிருக்காங்க. நானே நகர்த்திட்டேன்."

"அம்மா எங்கே?"

"எந்த அம்மா?"

பங்காளியின் கட்டத்தில் நின்ற காயைக் காட்டினார். "இது யாரு பாப்பா? நீதானே வரைஞ்சே?"

அவள் குனிந்து நன்றாகப் பார்த்தாள். "தெரியலையே. யாரோ ஒரு ஆன்ட்டி."

குளியலறையில் இரண்டே பல்துலக்கிகள். கொடியில் ஒரு புடவைகூட இல்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மகள் பயந்துவிடக் கூடாதே.

அன்று முழுக்க அலமாரியைக் குடைந்து, பங்காளியின் பழைய கார்டு ஒன்றைத் தேடி எடுத்தார். மூன்று வருடத்துக்கு முந்தியது. 'கை தவறி எழுதிவிட்டேன். அந்த மூன்று பேரை மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள். ஆட்டம் உங்களுக்கே.' மை கலைந்திருந்தது. காய் என்று எழுதாமல் பேர் என்று எழுதியிருந்ததை அவர் அன்று கவனிக்கவில்லை. 'எழுதியது எழுதியதுதான்' என்று பதில் போட்டுவிட்டு, அதை மனைவியிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்.

அன்று பிடித்த மூன்று நீலக் காய்களும் தகர டப்பாவில் கிடந்தன. ஒன்று பெரியது, இரண்டு சின்னவை. அவற்றில் யாரும் முகம் வரைந்ததில்லை. இப்போது முகம் இருந்தது. மூன்றுக்கும் வாய் திறந்திருந்தது.

அவற்றைப் பங்காளியின் கட்டங்களில் பத்திரமாக வைத்தார். "எடுத்துக்குங்க பங்காளி. உங்க காலைப் பிடிக்கிறேன். எடுத்துக்குங்க."

விடியும்வரை மூன்றும் வைத்த இடத்திலேயே நின்றன.

வியாழக்கிழமை கடை திறக்கவில்லை. கதவைத் தாழிட்டார். கீழ் இடுக்கில் துணி அடைத்தார். இடது கையில் மகளின் கை. வலது கைக்குள், இறுக மூடிய முஷ்டிக்குள், சின்னக் காய். நகர்த்தாவிட்டால் போகாது. நகர்த்தமாட்டேன். வெயில் ஜன்னலில் ஏறியது. தபால் மூட்டை வாசனை வந்தது.

கார்டு பலகைமேல் கிடந்தது.

'கடிதக்காரப் பெண்ணை எடுத்துக்கொள்கிறேன். எழுதியது எழுதியதுதான்.'

முஷ்டியை இன்னும் இறுக்கினார். நகம் பதிந்து ரத்தம் வந்தது. காய் உள்ளேதான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. தபால் ஆட்டத்தில் பலகை இரண்டு. இது வெறும் நகல்.

மகளின் உச்சந்தலையில் முடி அழுந்தியது. இந்தப் பக்கம் ஒரு விரல் அகலம். அந்தப் பக்கம் ஒரு விரல் அகலம்.

"அப்பா, யாரோ தலையைப் பிடிக்கிறாங்க."

குதிகால் தரையை விட்டது. பிறகு கட்டைவிரல். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அவள் வீறிட்டு அழுதாள், கை அவர் கையிலிருந்து நழுவியது. தாவிப் பிடிக்கப் பார்த்தார். கால் வரவில்லை. கை எழவில்லை. அது அவருடைய முறை இல்லை. நின்ற கட்டத்திலேயே நின்றார், மூட முடியாத கண்ணோடு.

கூரைக்கு அருகில் போனதும் அவள் அழுகையை நிறுத்தினாள். குனிந்து அவரை நன்றாகப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்க யாரு?"

டொக்.