சூப்பிரண்டு உட்கார்ந்த இடம்

அக்காவின் வயிறு ஓய்ந்த பிறகும் அந்தச் சத்தம் ஓயவில்லை.

அவன் முதலில் ஏசியைத்தான் சந்தேகப்பட்டான். ஆஸ்பத்திரி ஏசி சளி பிடித்தாற்போல இருமுவது புதிதல்ல. ஆனால் ஏசிக்குத் தாளம் தெரியாது. இது இரண்டு சின்னதாகவும் ஒன்று நீளமாகவும், அடைத்த குழாயில் சிக்கிக்கொண்ட தண்ணீர் வழிவிடச் சொல்லிக் கெஞ்சுவதுபோல, கடக், கடக், குர்ர்ர் என்று வந்தது. இரண்டு மாதமாக அக்காவின் வயிற்றிலிருந்து கேட்டுக் கேட்டு அவனுக்கு மனப்பாடமாகிவிட்ட அதே தாளம். அக்காவோ கட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்கடியில் அவள் வயிறு மரியாதையான குடிமகன்போல மெதுவாக ஏறி இறங்கியது. சத்தம் அங்கிருந்து வரவில்லை.

எல்லாம் ஒரு பல்வலியில் ஆரம்பித்தது. அதற்குத் தின்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை பல்லைக் காப்பாற்றிவிட்டு, குடலில் இருந்த நல்ல கிருமிகளைக் கூண்டோடு காலி செய்தது. காலியான இடத்தில் கெட்டது ஒன்று வந்து கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. மருந்து கொடுத்தார்கள், போனது. வீட்டுக்கு வந்து பத்தே நாளில் திரும்பியது. மறுபடி மருந்து, மறுபடி வீடு, மறுபடி பத்து நாள். மூன்று முறை இதே கதை. அக்கா அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்தாள். வயிறு இரையும்போதெல்லாம் இரண்டு முறை தட்டி, "சரிடா, சரி" என்பாள். சத்தம் அடங்கிவிடும். அவன் சிரிப்பான். ஒவ்வொரு முறையும் அடங்குகிறது என்று கவனித்த பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டான்.

நான்கு நாள் முன்புதான் ஆன்டிபாடி மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்.

"இது கிருமியைக் கொல்லாதும்மா" என்றார் டாக்டர். "அது கக்குற விஷத்தைப் பிடிச்சுக் கட்டிப் போட்டுரும். பாம்பு இருக்கும், பல்லு வேலை செய்யாது. மூணு மாசம் உங்களுக்கு இது காவல். அதுக்குள்ள குடல் தேறிடணும்."

பிறகு அவனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு தடவை வந்தா குடலையே வெட்டி எடுக்கணும் தம்பி. அவங்க உடம்பு அதைத் தாங்காது."

கடக். கடக். குர்ர்ர்.

கட்டிலுக்கு அடியில் இருக்குமோ என்று அவன் தொற்றுக்குப் பயந்து நர்சுகள் மாட்டிவிட்ட மஞ்சள் மேலங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தரையில் பிளீச்சிங் வாடை மூக்கைக் குத்தியது. அதற்கும் கீழே, பாய்க்கடியில் ஒளித்துவைத்த அழுக்குத் துணிபோல, இன்னொரு வாடை. குதிரை லாயத்து ஈர வைக்கோலில் எதையோ இனிப்பாக அழுக விட்டது போன்ற வாடை. நர்சுகள் கதவருகே நின்றே கண்டுபிடித்துவிடும் வாடை. இன்று அது இந்த அறையில் இருக்கவே கூடாது.

"தரையில என்னடா தேடுற? மானம் போச்சா?" அக்கா விழித்துவிட்டாள்.

"செருப்பைக் காணோம்."

"கால்லதான் இருக்கு."

அவன் எழுந்தான். சத்தமும் கூடவே எழுந்ததுபோல் இருந்தது. "அக்கா, வயிறு எப்படி இருக்கு?"

"காலி வீடு மாதிரி இருக்கு. எனக்கே போரடிக்குது."

"உனக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?"

கடக். கடக். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீ மத்தியானம் சாப்பிட்டியா இல்லையா?"

அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று அவன் யோசிக்கவில்லை.

"என் போன் எங்கடா?"

"வெளியே பைல இருக்கு. எடுத்துட்டு வரேன்."

"சீக்கிரம் குடு. என் ட்யூஷன் பசங்களுக்கு நீ என்ன கணக்கைச் சொல்லிக் குடுத்தியோ, அடுத்த தலைமுறையே உருப்படாது."

அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதெல்லாம் அவள் பெயரில் அவன்தான் பதில் அனுப்பிக்கொண்டிருந்தான். டீச்சர் இப்போதெல்லாம் எவ்வளவு அன்பாகப் பேசுகிறார் என்று மூன்று பெற்றோர் உருகியிருந்தார்கள். அக்கா படித்தால் வாந்தி எடுப்பாள்.

வெளியே வந்து மேலங்கியையும் கையுறையையும் தொட்டியில் போட்டான். கையில் சானிடைசர் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டான். மணி நான்கு. சூப்பிரண்டு வரும் நேரம்.

சூப்பிரண்டு என்பது ஒரு நாய். இந்தக் கிருமியின் வாடையை மட்டும் மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய். குரைக்காது, கடிக்காது. கிருமி இருக்கும் இடத்தில் போய் உட்காரும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலேயே நேரத்துக்கு வருகிற ஒரே ஆள் என்பதால் நர்சுகள் கொடுத்த பதவி. இரண்டு மாதமாக அக்கா வந்து படுக்கும்போதெல்லாம் அவள் அறை வாசலில் பூர்வீக வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்துகொண்டிருந்தது. இன்று கதவிடுக்கில் மூக்கை வைத்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நாய் ஒரு தும்மல் போட்டுவிட்டு நகர்ந்தது.

"அக்கா பாஸ்!" என்றாள் நர்ஸ்.

அவனுக்கு அழுகை முட்டியது. அழுதிருப்பான். அதற்குள் நாய் திரும்பி வந்து, நாற்காலியில் இருந்த அவன் பையின் முன்னால் உட்கார்ந்தது.

"பைல என்ன இருக்கு?"

"அக்கா போன் சிஸ்டர். துடைச்சுத்தான் வெச்சேன். ஜெல் போட்டு, ரெண்டு தடவை."

"ஜெல்லா?" நர்ஸ் அவனை முழுசாகப் பார்த்தாள். "இந்தக் கிருமி நத்தை மாதிரி ஓட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும். ஜெல்லுல ஜாலியா குளிச்சுட்டு எந்திரிச்சு வரும். கையை சோப்புத் தண்ணில தேய்ச்சுக் கழுவணும், பொருளை பிளீச்சிங்ல துடைக்கணும்னு கதவுல ஒட்டியிருக்கோமே, படிக்கலையா?"

படித்திருந்தான். அந்தத் தாளிலிருந்த எழுத்துப் பிழைகளைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிச் சிரித்ததும் அவன்தான்.

மூன்று முறை அக்கா தேறி வீட்டுக்கு வந்தாள். மூன்று முறையும் போனை ஜெல்லில் பளபளவென்று துடைத்து அவள் கையில் கொடுத்தான். விருந்தாளிக்குக் கதவைத் திறந்துவிட்டது அவன்தான்.

"ஓட்டுக்குள்ள எவ்வளவு நாள் இருக்கும் சிஸ்டர்?"

"மாசக்கணக்கா இருக்கும். அதுக்கென்ன அவசரம்?"

நர்ஸ் பையைப் பிளாஸ்டிக் உறையில் திணித்துக் கட்டி எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடியில் மறைந்தாள். இனி நாய் எழுந்துவிட வேண்டும்.

எழவில்லை.

உட்கார்ந்தபடியே அவன் பக்கம் திரும்பியது. அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தது.

"எந்திரிடா சூப்பிரண்டு" என்றார் அதன் வாரைப் பிடித்திருந்த நாய்க்காரர். பிஸ்கட்டைக் காட்டினார். நாய் கண்டுகொள்ளவில்லை. அதன் பின்னங்கால்கள் நடுங்கின. "தம்பி, உங்களுக்கு வயித்துல ஏதாவது..."

"ஒண்ணும் இல்லையே."

காலையிலிருந்து அவன் சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை. நேற்றும் பசிக்கவில்லை. கட்டிலுக்கடியில் அவன் குனிந்தபோது அங்கே சத்தம். அவன் எழுந்தபோது சத்தமும் எழுந்தது. ஈர வைக்கோல் வாடை. இங்கேயும். தன் சட்டைக் காலரை மோந்து பார்த்தான்.

கடக். கடக்.

குர்ர்ர்.

வலது கை உயர்ந்தது. அவன் உயர்த்தவில்லை. அது வயிற்றில் இரண்டு முறை தட்டியது.

"சரிடா, சரி."

சொன்னது அவன் வாய். சத்தம் அடங்கியது. கீழ்ப்படிந்து அல்ல. காது கொடுத்துக் கேட்க.

அறைக் கதவின் கண்ணாடிக்கு அப்பால் அக்கா எழுந்து நின்றிருந்தாள். இரண்டு மாதத்தில் முதல்முறையாக, யாரையும் பிடிக்காமல். அவனைப் பார்த்துச் சிரித்தாள். கூப்பிடுவதற்காகக் கண்ணாடியில் இரண்டு முறை தட்டினாள்.

அவனுக்குள் ஏதோ திரும்பியது.

வலி இல்லை. தூங்குகிறவன் தெரிந்த குரல் கேட்டுப் புரண்டு படுப்பதுபோல. அவள் பக்கமாக.

மூன்று மாதம் காவல். அதுக்கென்ன அவசரம்.

அக்காவின் கை கைப்பிடிக்குப் போனது. வராதே என்று கத்த நினைத்தான். வாய் திறக்கவில்லை. ஓட நினைத்தான். கால் ஓர் அடி வைத்தது. கதவை நோக்கி. நாய் முதல்முறையாக முனகியது. வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கியது. நாய்க்காரர் வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார்.

கதவு திறந்தது.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" அக்கா இரண்டு கைகளையும் விரித்தாள். "வாடா இங்க."

கால் இன்னோர் அடி வைத்தது.

அவன் குனிந்து பார்த்தான். சட்டையின் கடைசிப் பொத்தானுக்கு மேலே, அவள் இருக்கும் பக்கம், துணி உள்ளங்கை அகலத்துக்கு மெதுவாக எழும்பியது.

உள்ளேயிருந்து, இரண்டு தட்டு.