தொடையெலும்பில் ஐந்து விரல்கள்

ஸ்கேன் இயந்திரம் பழுதாகிப் பத்து நாளாகியும் யாரும் வந்து பார்க்கவில்லை. அதனால் இரண்டே எக்ஸ்ரே படங்களை வைத்து, ஒரு லாரி டிரைவரின் உடைந்த தொடையெலும்பைக் கணினியில் முப்பரிமாண உருவமாக்கும் வேலை டெக்னீஷியனான அவள் தலையில் விழுந்தது. மறுநாள் காலை அறுவை சிகிச்சை. அந்த உருவத்தை வைத்துத்தான் சர்ஜன், எலும்பில் பொருத்தும் உலோகத் தகட்டை வளைக்க வேண்டும்.

அவளுடைய அறை மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஏசியின் முனகலும் பினாயில் வாடையும்தான் துணை.

முதல் உருவம் திரையில் எழுந்தபோது, முழங்காலுக்குச் சற்று மேலே எலும்பைச் சுற்றி ஏதோ ஒட்டியிருந்தது. படத்தில் சேர்ந்த கசடு என்று நினைத்து அழித்தாள். உருவத்தை மறுபடி கணக்கிட்டாள். மறுபடி வந்தது. மூன்றாம் முறை இன்னும் தெளிவாக.

விரல் எலும்புகள்.

ஐந்து. இறுகப் பற்றியிருந்தன.

எக்ஸ்ரேயில் அப்படி எதுவுமே இல்லை. மென்பொருளைத் திட்டிக்கொண்டே நீக்கி, மீண்டும் நிறுவினாள். மதியச் சாப்பாடு போயிற்று. ஒரு எலும்புக்கு இவ்வளவு நேரமா என்று சர்ஜன் இரண்டு முறை போனில் கடிந்துகொண்டார். எக்ஸ்ரே எடுத்தவரிடம் சண்டைக்குப் போனாள். படம் எடுக்கும்போது டிரைவரின் காலை யாரும் பிடிக்கவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். ஆத்திரம் தாளாமல் வார்டுக்கே ஏறிப் போய், காலை யார் பிடித்தது என்று டிரைவரிடமே கேட்டாள்.

அவர் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"இன்னும் விடல," என்றார்.

"யாரு?"

"என் தம்பி."

லாரி கால்வாயில் கவிழ்ந்து மூழ்கியதைத் திக்கித் திக்கிச் சொன்னார். பக்கத்து சீட்டில் சிக்கிய தம்பி, இவர் காலைப் பற்றிக்கொண்டானாம். மூச்சு முட்டியதாம்.

"உதைச்சேன்மா. மூஞ்சியிலயே உதைச்சேன். வீட்ல, கை நழுவிப்போச்சுன்னுதான் சொல்லியிருக்கேன்."

அவள் கீழே வந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே அழித்தாள். மறுபடி கணக்கிடாமல் உருவத்தை அச்சிட்டு அனுப்பினாள்.

மறுநாள் தகடு கச்சிதமாகப் பொருந்தியது. உள்ளே வேறு ஏதாவது இருந்ததா என்று அவள் கேட்டதற்கு, வேறென்ன இருக்கும் என்று எரிந்து விழுந்தார் சர்ஜன். மயக்கம் தெளிந்த டிரைவர், தம்பி விட்டுவிட்டான் என்று அழுதாராம்.

அன்று சாயங்காலம் வேறொரு நோயாளியின் தோள்பட்டையை முடித்தாள். உருவம் சுத்தமாக இருந்தது. பெருமூச்சு விட்டு, கணினியை அணைத்துவிட்டு எழுந்தாள்.

நடக்க எடுத்ததும் வலது கால் வந்தது.

இடது காலில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஈரமாகச் சில்லென்றிருந்தது.

மெல்ல இழுத்துப் பார்த்தாள்.

பிடி இறுகியது.