இரவல் உள்ளேன்

காலை வருகைப் பதிவின்போது எங்கள் வகுப்பில் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். கூரையில் பொருத்திய குரல்மானி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும். "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைக் கேட்டே இந்தப் பிள்ளையால் இன்று எவ்வளவு முடியும் என்று அது முடிவுகட்டிவிடும். மேசைத்திரையில் அதற்கேற்ற தேர்வுத்தாள் திறக்கும். தேறும் என்று அதற்குத் தோன்றினால் முழுத்தாள், இல்லாவிட்டால் சுலபமான கேள்விகளுடன் இளந்தாள். பிள்ளைகளின் மனம் நோகக்கூடாதாம், அவ்வளவு கரிசனம்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எந்த வாய் என்று யாரும் சொல்லவில்லை. இதுவரை முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் குரல்களைக் கேட்டுப் பழகிய இயந்திரம் அது. அவர்கள் தணிந்து பேசுகிறவர்கள். நாங்களோ தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்காரர்கள். படகுகள் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகியும் எங்கள் தெருவில் குரல் இறங்கவில்லை. குரல்மானிக்கு அது முரட்டுத்தனம், கவனக்குறைவு. வகுப்பும் அதையே நம்பியது. கடைசியில் "இளந்தாள்" என்பதே எங்களுக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

நான் தப்பித்துக்கொண்டேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மற்றவர்களைப் போல "உள்ளேன்" சொல்லப் பழகினேன். என் தெருத் தோழி ஜெனோவா பழகவில்லை. எனக்கு முக்கோணவியல் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். இளந்தாள் எழுதி எழுதி, இப்போது சாதாரணக் கூட்டலைக்கூட இரண்டு முறை சரிபார்த்தாள்.

"நாளைக்கு முழுத்தாள் எழுதுனாத்தான் அடுத்த வருசம் கணக்குக் குரூப்பு. நான் சொல்லுத மாதிரி ஒருக்கா சொல்லிப் பாரேன்ட்டி," என்றேன்.

"வேண்டாம்ட்டி அமலி. நமக்கு இது போதும். ஒருவேள அது சொல்லுததுதான் சரியோ என்னமோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இயந்திரம் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். இவள் அதை நம்பியதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை குரல்மானி "ஜெனோவா" என்றது. அவள் வாயைத் திறக்கும் முன்பே, பின் வரிசையிலிருந்து நான் முந்திக்கொண்டேன். "உள்ளேன்." குளியலறையில் பழகிய அதே குரல். யாருடைய குரலையும் சேமித்து வைக்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே பேசியது யாரென்று அதற்குத் தெரியாது. காலங்காலமாகக் கல்லூரிகளில் நடந்த பிராக்ஸிதான், வேறொன்றுமில்லை. ஜெனோவாவின் திரையில் முழுத்தாள் திறந்தது. திரும்பி என்னை முறைத்தாள். பிறகு குனிந்தவள் மணியடிக்கும்வரை நிமிரவில்லை.

தொண்ணூற்று நான்கு வாங்கினாள். என்னைவிட ஆறு கூடுதல். ஆனால் அவளுடைய குரலுக்கு இயந்திரம் தினமும் குறித்துவைக்கும் மதிப்பு ஒரே நாளில் மூன்று மடங்கு ஏறியிருந்தது; அதை அது மேலே போட்டுக்கொடுத்துவிட்டது. தலைமையாசிரியர் சிவனணைந்த பெருமாள் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"யாரு குரல் கொடுத்தது?"

"நாந்தான் சார்," என்றேன். இரவல் குரலை வெளியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"அப்போ ரெண்டு பேருக்கும் இனிமே இளந்தாள்தான். ஜெனோவா, உன் மார்க்க ரத்து பண்ணுதேன். அது உனக்கு வரவேண்டிய தாளே இல்லையேம்மா." திட்டவில்லை, உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

ஜெனோவா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தாளுதான் சார் மாறி வந்துச்சு," என்றாள். "பதிலு ஒண்ணும் மாறி வரலியே."

அவர் திறந்திருந்த கதவைப் பார்த்தார். "மெதுவாப் பேசும்மா," என்றார்.

அவள் அதையே இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள்.