விளக்கேற்றும் நேரத்துக் குரல்

“கோமதி... விளக்கேத்தியாச்சா?”

செத்துப்போன அப்பாவின் குரல். ஜெயப்பிரியாவின் கையிலிருந்த தீப்பெட்டி நழுவிக் கீழே விழுந்தது. சில நாளாகவே கேட்கிற குரல்தான்... ஆனாலும் பழகவில்லை.

அப்பா பூவனலிங்கம் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய ஸ்டீரியோ செட் அது. வாங்கிய புதிதில் மைக்கைச் சோதித்துப் பார்க்க அவர் பேசிப் பதிந்த கேசட் உள்ளேயே கிடந்தது. சித்திரையில் அவர் போனபிறகு யாரும் அதைத் தொடவில்லை. ரிமோட்டும் எங்கோ தொலைந்துவிட்டது. இப்போதோ, அந்தி சாய்ந்தால் போதும்... பச்சை விளக்கு தானாக எரிகிறது, கேசட் சுற்றுகிறது.

அம்மா கோமதியம்மாளுக்குத் துளியும் பயமில்லை. “ஏத்தியாச்சுங்க” என்று பதில் சொல்வாள். கேசட்டைப் பின்னுக்குச் சுற்றி, நாளைக்குத் தயாராக ப்ளே பட்டனை அமுக்கி, செட்டை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவாள். மாசக்கணக்கில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனவள், இப்போது மறுசோறு கேட்கிறாள்! வந்த பேய்க்கு நன்றி சொல்வதா, வேப்பிலை அடிப்பதா என்று மகளுக்குத்தான் விளங்கவில்லை.

வெளியே மின்னல் வெட்டியது. ஜெயப்பிரியா ஜன்னலைச் சாத்தப் போனாள். எதிர்மாடி ஜன்னலில் ஒருவன்... கையில் எதையோ பிடித்து நேராக அவளைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தான்!

பயம் போய்க் கோபம் வந்தது. கொட்டுகிற மழையில் தெருவைத் தாண்டினாள். கரிசல் சகதி ஒரு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. ஒற்றைச் செருப்போடு மாடி ஏறினாள்.

“வயசுப்பிள்ளை இருக்க வீட்டைப் பாத்து என்னத்த நீட்டுதீங்க?”

அவன் வெலவெலத்துப் போனான். பெயர் மணிகண்டபிரபு. தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் அச்சடிக்கிற வேலை. புதிதாகக் குடிவந்தவன். அந்தக் கண்கள்... மழை குடித்த கரிசல் காடு மாதிரி அப்படியொரு கறுப்பு. ‘சீ, வைய வந்த இடத்துல என்ன பார்வை!’ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

“யுனிவர்சல் ரிமோட்டுங்க... எல்லா செட்டுக்கும் சேரும்னு வாங்கினேன். இந்தப் பழைய செட்டுக்கு எந்த நம்பர்னு தெரியல. வேலை விட்டு வந்து தினமும் முதல்ல இருந்து ஒவ்வொரு நம்பரா அமுக்கிப் பாக்கேன். அசைய மாட்டேங்குது.”

ஜன்னல் திட்டில் அப்பாவின் செட்டைப் போலவே ஒன்று இருந்தது. அதற்கு நேர் பின்னால், குறுகலான தெருவுக்கு அப்பால், அவள் வீட்டுக் கூடம்.

“உங்க செட்டுக்கு ரிமோட் கண்ணு அவிஞ்சுபோச்சு! நீங்க அமுக்குததுல எங்க வீட்டு செட்டுல்லா எந்திரிக்கு... செத்துப்போன எங்க அப்பா பேசுதாவ!”

சிரிக்க வாயெடுத்தவன் அவள் கண்ணீரைப் பார்த்ததும் அடங்கிப் போனான். அவள் முன்னாலேயே ரிமோட்டிலிருந்த பேட்டரிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். “இனி அமுக்கமாட்டேன்... சத்தியமா.”

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் அந்தியில் செட் வாய் திறக்கவில்லை. அம்மா விளக்கேற்றிவிட்டு அதன் முன்னால் காத்திருந்தாள். தட்டில் சோறு காய்ந்தது. அடுத்த நாளும் அப்படியே. “அவியளுக்கு என் மேல என்ன கோவமோ” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவனிடம் போய் நிற்க ஜெயப்பிரியாவை ரோஷம் தடுத்தது. ஆனால் அம்மா இப்படியே பட்டினி கிடந்தால்...?

மூன்றாம் நாள் மாடி ஏறிவிட்டாள்.

“நீங்க... மறுபடியும் அமுக்கணும். அப்பா குரல் கேக்காம அம்மா சாப்பிட மாட்டேங்காவ.”

“அன்னைக்கு அந்த வையி வைஞ்சீங்க!” என்றான். பிறகு குரல் தணிந்தது. “அமுக்கலாம்... ஆனா பெரியவங்களை ஏமாத்த மனசு வரலங்க. ரிமோட்டை அவிய கையிலயே குடுத்திருவோம். இன்னொண்ணும் அவியட்ட சொல்லணும்.”

“என்னது?”

“ஒத்தைச் செருப்போட வந்து சண்டை போட்டதுல இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு.”

கன்னம் சுட்டது அவளுக்கு. “முதல்ல ரிமோட்டைக் குடுங்க. மத்ததைப் பெறவு பாப்போம்.”

அன்று அந்தியில் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவன் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். கோமதியம்மாள் ரிமோட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டாள். ஜெயப்பிரியாவைப் பிடித்திருக்கிறது என்று அவன் சொன்னபோதுகூட அம்மாவின் முகத்தில் அசைவில்லை.

“அப்பம்... இத்தனை நாளும் அவிய வரலையா?”

கூடத்தில் இருட்டு ஏறியது. அடித்துக்கொண்டிருந்த மழை சட்டென்று நின்றது. பேட்டரியைப் போட்டுக் காட்டலாம் என்று பிரபு சட்டைப்பையில் கைவிட்டான்.

பச்சை விளக்கு எரிந்தது.

“கோமதி... விளக்கேத்தியாச்சா?”

அம்மாவின் மடியில் ரிமோட் வெறும் கூடாகக் கிடந்தது. பேட்டரிகள் அவன் விரித்த உள்ளங்கையில் இருந்தன. ஜெயப்பிரியா அந்தக் கையை பேட்டரியோடு சேர்த்து இறுகப் பற்றினாள்.

“எனக்கும்... உங்களைப் பிடிச்சிருக்கு” என்றாள், பல் கிடுகிடுக்க.

கோமதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செட்டின் பக்கம் திரும்பினாள்.

“ஏத்தியாச்சுங்க... மாப்பிள்ளையும் வந்திருக்காவ.”