கடைசியில் ஒரு பூஜ்யம்

மதியம் மூன்று மணிக்கு வார்டுக்குள் நுழைந்தான். பினாயில் வாடை. நான்காம் கட்டில் காலி. பக்கத்தில் அதே நாற்காலி.

"வாங்கண்ணே," என்றாள் நர்ஸ். "அக்கா இந்த ஆஸ்பத்திரிக்கு எழுதின புரோகிராம், தொடவே மத்தவங்க பயப்படறாங்க. நாலாம் கட்டில் டிஜிட்டல் போர்டுல பேருக்குப் பின்னாடி என்னென்னமோ வருது. இப்ப ஒருத்தர் வராரு. பேர் தப்பா வந்தா ஊசி மாறிடும்."

அந்த அக்கா, அவன் மனைவி, மூன்று மாதத்துக்கு முன் இறந்தது அந்தக் கட்டிலில்தான். அவன் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தான். இரண்டு தடவை கூப்பிட்டாள் என்று நர்ஸ் பிறகு சொன்னாள். என்ன சொல்ல வந்தாளோ, யாருக்கும் தெரியாது.

லேப்டாப்பைத் திறந்ததும் புரிந்துவிட்டது. அவளுடைய பழைய தப்பு. சி மொழியில் ஒரு சொல் முடிந்ததென்று காட்ட, கடைசியில் ஒரு பூஜ்யம் வைக்கவேண்டும். நீளம் அளக்கும் ஸ்டர்லென் என்ற கட்டளை அதுவரைதான் எண்ணும். பூஜ்யம் இல்லாவிட்டால், அதற்கப்பால் நினைவகத்தில் கிடப்பதையெல்லாம் எண்ணிக்கொண்டே போகும். அவள் அதற்கு இடம் விடவே மாட்டாள்.

"முடியறதுக்குப் போய் யாராவது இடம் ஒதுக்குவாங்களாடா?" என்பாள்.

காலிக் கட்டிலின் பெயரை அளந்தான். ஆளில்லை, எதுவும் இருக்கக்கூடாது.

36.

இயந்திரத்தை அணைத்து, மறுபடி போட்டு அளந்தான்.

36.

அந்த எண் அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், அவனுக்கு வைத்த பட்டப்பெயரை இப்படித்தான் அளந்து காட்டினாள். கணினியில் தமிழ் எழுத்து தனிக் குறி, அதோடு சேரும் கொம்பும் சுழியும் புள்ளியும் தனிக் குறி; ஒவ்வொன்றும் மூன்று இடம் பிடிக்கும். "தூங்குமூஞ்சி. முப்பத்தாறு! ஆளைவிடப் பேரு நீளம்டா."

மறுபடி அளந்தான்.

39.

42.

மூன்று மூன்றாக. மூச்சு வாங்கி வாங்கி யாரோ பேசுவதுபோல.

சொல்லி முடிக்கட்டும், பிறகு படிக்கலாம் என்று காத்திருந்தான்.

90.

வாசலில் ஸ்ட்ரெச்சர் கிறீச்சிட்டது. "அண்ணே, ஆளு வந்தாச்சு."

"ஒரு நிமிஷம்மா..."

93.

"அண்ணே, ஊசி போடணும்."

ஓர் இடம் கூட்டினான். பூஜ்யத்தை வைத்தான்.

எண் நின்றது. போர்டில் புதியவரின் பெயர் மட்டும், சுத்தமாக. பூஜ்யத்துக்கு அப்பால் தேடிப் பார்த்தான். ஒன்றுமில்லை.

முதல் தடவை அவன் தூங்கிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை விழித்திருந்தான்.

லேப்டாப்பை மூடினான். கட்டிலில் கிடந்தவர் கண் திறக்காமல் கேட்டார்.

"யாரு தம்பி தூங்குமூஞ்சி? இங்க ஒரு பொண்ணு கூப்பிட்டுட்டே இருக்கு."