பாப்பா கொண்டுவந்த சாறு

"அண்ணா, நாக்கை நீட்டு!"

பஸ் ஓட்டக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் ஒற்றைச் செருப்போடு நின்று நாக்கை நீட்டினார். சுத்தமான இளஞ்சிவப்பு. அடுப்படியில் நின்ற மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாற்பதைத் தாண்டியும் நாத்தனார் இந்த வீட்டுக்குப் பாப்பாதான். அண்ணனுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து நாவல்பழத்தைப் பிழிந்து, கொட்டையை இடித்துச் சேர்த்து, வாரம் தவறாமல் பாட்டிலில் கொண்டுவருகிறாள். காலையில் குடித்தால் மதியம்வரை நாக்கு ஊதாவாக இருக்க வேண்டும்.

"பாட்டில் பாதி காலி. அண்ணன் நாக்குல பொட்டுக் கறை இல்ல! எங்க அண்ணி கொட்டினீங்க? வாஷ்பேசின்லயா?"

அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"பாரு, வாயே திறக்கல! எங்கம்மாவைக் கொண்டுபோனதே இந்தச் சர்க்கரைதான்... அண்ணனையும் தூக்கிக் குடுக்கணுமா? நான் கை வலிக்க இடிச்சது உங்களுக்குச் சாக்கடைத் தண்ணியா?"

கண்ணீர் முட்டியது. வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பழி தன்மேல் விழுந்தாலும் சரி, பாப்பாவின் மனசு உடையக் கூடாது என்றே நின்றாள், பைத்தியக்காரி!

கணவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவளை விடு பாப்பா. மாத்திரையோட இதையும் குடிச்சு, ஒருநாள் ஸ்டியரிங் பிடிச்ச கை நடுங்கி, கண்ணு இருட்டிடுச்சு. சர்க்கரை ஒரேயடியா இறங்கிப்போச்சு. பஸ் நிறைய ஜனம்! சாறு வேண்டவே வேண்டாம்னுட்டார் டாக்டர். நான்தான் கொட்டிடச் சொன்னேன். உன்கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல."

பாப்பாவின் முகம் வெளுத்தது. "அப்போ... கொட்டித்தான் இருக்கீங்க!"

"கொட்டல!" என்று அவள் வெடித்தாள்.

அண்ணனும் தங்கையும் அவள் வாயையே பார்த்தார்கள். நாக்கு, பல், ஈறு எல்லாம் ஊதா.

"அடிப்பாவி! சர்க்கரையே இல்லாத நீயா குடிச்சே?"

"வேற என்னங்க பண்றது? அம்மாவுக்குக் குடுக்காம விட்டுட்டேனேன்னு இவ அழுது அழுது இடிச்சது... அதைக் கொட்ட எனக்குக் கை வரலையே!"

பாப்பா பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். இத்தனை நாள் செய்தவள், ருசி பார்த்தது இன்றைக்குத்தான். முகம் சுருங்கியது.

"ஐயோ, தொண்டையைப் பிடிக்குதே! இதையா அண்ணி தினமும் குடிச்சீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா, சர்க்கரை போட்டுக் கொண்டுவந்திருப்பே."

பாப்பா சிரித்தாள், சிரித்தபடியே அவளைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"இனிமே நான் என்னத்தை அண்ணி கொண்டுவருவேன்...?"

"வெறுங்கையோட வாடி," என்று அவள் பாப்பாவின் வாயோரக் கறையைத் துடைத்துவிட்டாள். "நீ வந்தாப் போதும்."